‘ஆம்’ என்ற சொல்லும் அடைபட்ட கதவும்

தமிழ் இலக்கியத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டவன் யார் என்று கேட்டால், சிலப்பதிகாரம் கற்றவர் பாண்டியனைத்தான் காட்டுவர். கோவலன் ஒப்புக்கொள்ளவில்லை, அவனை எவரும் முறையாகக் கேட்கவும் இல்லை. பொற்கொல்லன் சொன்னான், மன்னன் ஆணையிட்டான், காவலன் வெட்டினான், வழக்கு முடிந்தது! தண்டனை நிறைவேறிய பின்னர் மேல்முறையீட்டுக்கு வந்தவள் கண்ணகி. சிலம்பு உடைந்தது, முத்து இருக்குமென்று மன்னன் எண்ணிய இடத்தில் மாணிக்கம் தெறித்தது. அவன் தன்னையே குற்றவாளி என்று தீர்த்து வீழ்ந்தான்.

மதுரை எரிந்ததை மாயம் என்று தள்ளுவோம். பகுத்தறிவாளனுக்கு வேண்டுவது அந்த அவைக்காட்சி. மன்னன் சான்றைக் கண்ணால் கண்ட பின் ஒப்புக்கொண்டான். அவனை அச்சுறுத்துவார் எவருமில்லை. சொன்ன சொல்லும் அவன் சொந்தச் சொல். அறிவு, அச்சமின்மை, சொந்தச் சொல் ஆகிய மூன்றும் சேர்ந்ததே ஒப்புதல். ஒன்று குறைந்தாலும் அது வெறும் ஒலி.

இந்த அளவுகோலைக் கையில் கொண்டு நம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தைத் திறனாய்ந்து பார்ப்போம். குற்றத்தை ஒப்புக்கொண்டு, அதன்பேரில் தண்டிக்கப்பட்டவன், தான் குற்றவாளி அல்லன் என்று மேல்முறையீடு செய்ய இயலாது. தண்டனையின் அளவு பற்றியும், அது சட்டப்படி சரிதானா என்பது பற்றியும் மட்டுமே முறையிடலாம். தண்டித்தது உயர் நீதிமன்றமாயின் அதுவும் இல்லை. வெள்ளையர் 1898-இல் எழுதிய சட்டத்தில் இது 412-ஆம் பிரிவு. 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 375-ஆம் பிரிவு. 2024 சூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத்தில் 416-ஆம் பிரிவு. பெயரை வடமொழிக்கு மாற்றினார்கள், எண்ணை மாற்றினார்கள், கதவு மட்டும் அடைத்தது அடைத்தபடியே!

புராணத்தில் முனிவன் சாபமிடுவான். பிழையென்று தெரிந்த பின்னும் சொன்ன சொல்லைத் திரும்பப் பெற முடியாது என்பான். அதை நாம் மூடநம்பிக்கை என்கிறோம். ஒருவன் வாயிலிருந்து ‘ஆம்’ என்று வந்துவிட்டால் அது உண்மையாகவே ஆகிவிடும் என்று சட்டம் கருதினால், அதற்கு வேறு என்ன பெயர்?

அந்தச் சொல் பிறக்கும் இடத்தைக் காண வேண்டுமானால் கல்வராயன் மலைக்குச் செல்ல வேண்டும். 1976-இல் அரசு எடுத்துக்கொள்ளும்வரை அம்மலை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்தது. மலையாளிப் பழங்குடி மக்கள் அவர்களுக்குக் கூலியில்லாமல் உழைத்தனர். அதிகாரத்தின் முன் ‘ஆம்’ என்பதே உயிர் காக்கும் சொல் என்பது அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகப் புகட்டப்பட்ட பாடம். அங்கிருந்து சாராய வழக்கிலோ வனச்சட்ட வழக்கிலோ ஒருவன் கள்ளக்குறிச்சி நீதிமன்றத்துக்கு இறங்கி வருகிறான் என்று கொள்வோம். வழக்காடினால் வாய்தா, ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒருநாள் கூலி போகும், பேருந்துச் செலவு வேறு, பிணைக்கு ஆள் தேட வேண்டும். “ஒப்புக்கொள், அபராதம் கட்டு, இன்றே வீடு போகலாம்” என்கிறது அருகில் நிற்கும் குரல். அவன் தலையசைக்கிறான். அசைந்தது தலையா, அவனை அழுத்தும் வறுமையா?

காவலரிடம் கொடுத்த வாக்குமூலத்தைச் சட்டம் நம்புவதில்லை. 1872-ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு அதைத் தள்ளியது. 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23-ஆம் பிரிவும் தள்ளுகிறது. நிலையத்தில் நம்பத்தகாதவன், அதே காவலர் துணையுடன் நீதிமன்றப் படியேறிய அளவில் அரிச்சந்திரன் ஆகிவிடுகிறானா?

1957 நவம்பர் 26 அன்று, சாதியைக் காக்கிறது என்று அரசியல் சட்டத்தைக் கொளுத்திய திராவிடர் கழகத் தோழர்களும் “கொளுத்தினோம்” என்றார்கள். எதிர்வழக்காடாமல் சிறை சென்றார்கள். அது ஒப்புதல்! என்ன செய்தோம், ஏன் செய்தோம், என்ன வரும் என்று அறிந்து, அஞ்சாமல், தம் வாயால் சொன்னது. அந்த வீரனின் சொல்லையும் இந்த ஏழையின் தலையசைப்பையும் ஒரே தராசில் நிறுப்பது சமநீதி ஆகுமா?

ஒப்புக்கொண்டவரெல்லாம் மேல்முறையீட்டுக்கு வந்தால் வழக்குக்கு முடிவு ஏது என்று கேட்பர். கேள்வியில் பொருள் உண்டு. 2024 சூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் 60-க்கும் மேற்பட்டோர் உயிரைக் குடித்தது. அத்தகைய கொடுமையைச் செய்தவர் தப்பலாகாது. ஆனால் குற்றவாளி தப்பக்கூடாது என்பதற்கும், அகப்பட்டவனெல்லாம் குற்றவாளி என்பதற்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தொலைவு உண்டு. வழக்கு விரைந்து முடிவது நன்று. உண்மையை விட்டுவிட்டு முடிவது நன்றன்று.

உச்ச நீதிமன்றமே இதை உணர்ந்த இடங்கள் உண்டு. சென்னை மாநிலத்திலிருந்து சென்ற மகந்த் கௌசல்யா தாஸ் வழக்கில், ஒப்புதலைக் கூடியவரை குற்றம் சாட்டப்பட்டவரின் சொற்களிலேயே பதிவு செய்தாக வேண்டும் என்று தீர்ப்பளித்து, அப்படிப் பதிவு செய்யாத தண்டனையை நீக்கியது. 1966-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் அது உள்ளது. 1983-இல் வெளியான திப்பசாமி வழக்கில், குறைந்த தண்டனை என்ற உறுதியை நம்பி ஒப்புக்கொண்டவனுக்கு மேல்நீதிமன்றம் தண்டனையைக் கூட்டுவது நியாயமன்று என்றது. ஒப்புக்கொண்டாலும் தண்டித்தே ஆக வேண்டும் என்று சட்டம் நடுவரைக் கட்டாயப்படுத்தவில்லை. அது அவர் விருப்புரிமை. ஆகவே கதவில் ஒரு விரிசல் உண்டு. புரியாமல், சொந்தச் சொல் இல்லாமல் பதிவான ஒப்புதல் ஒப்புதலே அன்று என்று சீராய்வு மனுவில் எடுத்துக்காட்டலாம்.

ஆனால் விரிசலைக் காண விளக்கு வேண்டும். மகந்துக்கு டில்லி வரை வழி தெரிந்தது. மலைவாழ் மகனுக்கு யார் காட்டுவது? இளைஞர்களே, அது நம் பணி. 1987-ஆம் ஆண்டுச் சட்ட உதவிச் சட்டப்படி, பழங்குடி மக்கள் வருமானம் எவ்வளவாயினும் இலவச வழக்கறிஞரைப் பெற உரிமையுடையோர். மாவட்ட நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு 30 நாளில். சீராய்வு 90 நாளில். தீர்ப்பு நகலை உடனே கேட்டு வாங்க வேண்டும். ஒப்புதல் யார் சொல்லில், எந்த மொழியில் எழுதப்பட்டிருக்கிறது என்று படித்துப் பார்க்க வேண்டும்.

சட்டமியற்றுவோரிடம் நாம் கேட்பதும் பெரிதன்று: வழக்கறிஞரைக் கலந்து பேசாதவனின் ஒப்புதலை ஏற்காதீர், ஒப்புதல் மெய்யானதா என்ற ஒரு கேள்விக்கேனும் மேல்முறையீட்டை உரிமையாக்குங்கள். தண்டனை நிறைவேறிய பிறகும் பாண்டியன் வாயில் கண்ணகிக்குத் திறந்தது. முடியரசில் திறந்த கதவு குடியரசில் மூடிக் கிடப்பதோ?