திருப்பாவையும் அரியக்குடியின் இசையமைப்பும்

கர்நாடக இசையின் வாக்கேயகாரர்களையும் வித்வான்களையும் உருப்படிகளையும் ஆராய்வோர் திருப்பாவையை விட்டுவிடுவதில்லை. ஆயினும் அவர்கள் அதற்குத் தரும் இடம் பெரும்பாலும் ஒரு பட்டியலளவில் நின்றுவிடுகிறது. முதற்பாசுரம் நாட்டை, இரண்டாவது கௌளை என்று தொடங்கி முப்பதாவது சுருட்டி என்பதோடு ஆராய்ச்சி முடிகிறது. படிப்பவர்க்கோ இந்த ராகங்கள் ஆண்டாள் காலந்தொட்டு வழிவழியாக வந்தவை என்ற எண்ணம் உண்டாகிறது. உண்மையில் இவை பூச்சி ஸ்ரீநிவாஸ ஐயங்காரின் சீடரான அரியக்குடி ராமாநுஜ ஐயங்கார் (1890–1967) கச்சேரி மேடைக்கென அமைத்தவை, எம்.எல். வசந்தகுமாரியின் இசைத்தட்டுகளால் வீடுதோறும் பரவியவை.

அருளிச்செயலுக்குரிய பழைய இசை மரபு வேறு. நாதமுனிகள் தம் மருமக்களான கீழையகத்தாழ்வானுக்கும் மேலையகத்தாழ்வானுக்கும் தேவகானத்தில் கற்பித்தார் என்பது குருபரம்பரைச் செய்தி. பல தாளங்களைச் சேர ஒலித்தபோது ஓசையைக் கொண்டே அவற்றின் எடையைச் சொன்னவர் அவர் என்றும் அது கூறும். திருவாய்மொழிப் பதிப்புகளில் பண்ணோடு ஏழொத்து, ஒன்பதொத்து, நடையொத்து எனத் தாளப் பெயர்களும் காணப்படுகின்றன. ஸ்ரீரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி ஆகிய திவ்யதேசங்களில் அரையர்கள் இன்றும் தாளமேந்தி ஸேவிக்கிறார்கள். அரியக்குடியின் அமைப்பு இம்மரபின் தொடர்ச்சி அன்று. அவரைக் குறைகூற இதைச் சொல்ல வேண்டியதில்லை. எது எக்காலத்தது என்று வரையறுத்தால்தான் அவர் செய்ததன் அருமையே விளங்கும்.

முதல் ஐந்து பாசுரங்களை எடுத்துக்கொள்ளலாம். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று அவை அமைந்துள்ளன. இது தியாகராஜ ஸ்வாமிகளின் பஞ்சரத்னக் கீர்த்தனைகளின் வரிசை ஆதலால் அதைப் பார்த்து அமைத்தது என்று சொல்லி மேலே போய்விடுகிறார்கள். கனபஞ்சகம் என்னும் இவ்வரிசை வீணையில் தானம் வாசிப்போர் மரபிலும் உள்ளது. அது கிடக்கட்டும், ஏன் ஐந்தோடு நிறுத்தினார் என்று கேட்க வேண்டாமா? ராகங்கள் ஐந்துதானே என்பர். பாசுரத்தின் பக்கமிருந்து பார்த்தால் வேறொன்றும் தெரிகிறது. முதற்பாட்டில் நோன்புக்குரிய காலமும், பலத்தைத் தருபவன் நாராயணனே என்பதும். இரண்டாவதில் செய்வனவும் தவிர்வனவும். மூன்றாவதில் நோன்பால் நாட்டுக்கு விளையும் ஸம்ருத்தி. நான்காவதில் பர்ஜந்ய தேவதைக்கு இடும் கட்டளை. ஐந்தாவதில் விரோதியான பாபங்கள் அழியும் என்னும் தேற்றம். ஆறாம் பாட்டில்தான் உறங்குகிற பெண்களை எழுப்பத் தொடங்குகிறார்கள். பெரியவாச்சான் பிள்ளையின் மூவாயிரப்படியோடு கற்பவர்க்கு, ஐந்தாம் பாட்டோடு நோன்பின் பீடிகை முடிவது தெளிவு. கனராகங்களும் அங்கேயே முடிந்து, ஆறாவதில் சங்கராபரணம் தொடங்குகிறது. இது அவர் கருதிச் செய்ததாயினும் தானே நேர்ந்ததாயினும், இசையின் பிரிவும் பொருளின் பிரிவும் ஓரிடத்தில் விழுகின்றன. வியாக்யானத்தைத் திறந்து பாராத ஆராய்ச்சிக்கு இது அகப்படாது.

எல்லா இடத்தும் இப்படி அமைந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. பதினைந்தாம் பாசுரம் வாசலில் நிற்பவர்களும் உள்ளே கிடப்பவளும் மாறிமாறிப் பேசும் பாட்டு. இல்லாத குற்றத்தையும் இல்லை என்னாதே தன்மேல் ஏறிட்டுக்கொள்ளும் ஸ்ரீவைஷ்ணவ லக்ஷணம் உள்ளிருப்பவளின் மறுமொழியில் வெளிப்படுவதால், திருப்பாவைக்கே உயிரான பாட்டு என்று இதனைப் பெரியோர் கொண்டாடுவர். இதற்கு அமைந்த பேகடை இனிமையானதே. ஆனால் ஒரே குரலில் ஒரே ஓட்டமாகப் பாடும்போது யார் கேட்டார், யார் விடை சொன்னார் என்பது கேட்பவர்க்குப் புலப்படுவதில்லை. குற்றத்தை ஏற்கும் சொல்லும் மற்றொரு சங்கதியாகக் கடந்துபோகிறது. இது ராகத்தின் குறையன்று. இரண்டு பேர் பிரித்துப் பாடினாலே பாதி தீரும்.

நப்பின்னைப் பிராட்டியை முன்னிட்ட மூன்று பாட்டுகளில் (18, 19, 20) எம்பெருமானார் உகந்த பதினெட்டாவதற்குச் சாவேரி அமைந்தது மிகப் பொருத்தம். கதவு திறக்க வேண்டி நிற்பவர்களின் இரக்கம் அதில் தொனிக்கிறது. அடுத்த சஹானாவும் அப்படியே. இருபதாவதற்குச் செஞ்சுருட்டி இட்டதுதான் உறுத்துகிறது. காவடிச் சிந்துக்கு உரிய எளிய மெட்டாகக் காதில் பழகிய ராகம் அது. தேவர்க்கு முன்சென்று நடுக்கம் தீர்க்கும் மிடுக்கையும் பிராட்டியின் புருஷகாரத்தையும் ஒருங்கே சொல்லும் பாட்டுக்கு அதன் கனம் போதவில்லை.

இதனினும் பெரிய தீங்கு ராகத்தால் வருவதன்று. கீர்த்தனையைப் போலப் பாடுவதால் வருவது. எட்டடிக் கொச்சகத்தில் வினை பலவிடத்தும் பின்னே நிற்கும். எழுவாயையும் அடைமொழிகளையும் அதுவரை சுமந்துகொண்டு போக வேண்டும். முதலடியைப் பல்லவியாக்கி இடையிடையே அதற்குத் திரும்பினால் அந்வயம் அறுகிறது. ராகத்தோடு மட்டும் கற்ற பிள்ளைகள் ஸேவாகாலத்தில் கோஷ்டியோடு சேரும்போது, மூச்சு விட வேண்டிய இடமறியாமல் சொல்லின் நடுவே நிறுத்துகிறார்கள். ஸந்தை சொல்லிக்கொடுப்போர் பிறகு அதைத் திருத்தப் படும் பாடு சிறிதன்று. சந்நிதியிலும் கச்சேரி மெட்டையே கேட்க விரும்புவோர் பெருகிவரும் இந்நாளில், எது ஸேவிக்கும் முறை, எது மேடையில் பாடும் முறை என்ற வேறுபாட்டை ஆராய்ச்சியாளர்களும் எழுதிவைக்காவிட்டால் அது மறைந்தேபோகும்.

இறுதி இரண்டு பாட்டுகளைப் பற்றிய ஒரு குறிப்பும் பட்டியல்களில் இல்லை. மங்களத்துக்குரியது என்று வித்வான்கள் இறுதியில் வைக்கும் மத்யமாவதி முப்பதாம் பாட்டுக்கு வந்திருக்க வேண்டும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். அரியக்குடி அதை இருபத்தொன்பதாவதற்குக் கொடுத்தார். பறை என்றது எதை என்று வெளியிட்டு, ஏழேழ் பிறவிக்கும் கைங்கர்யமே வேண்டும் என்று புருஷார்த்தத்தை அறுதியிடும் பாட்டு அதுவே. பிரபந்தத்தின் பொருள் அங்கே நிறைவேறிவிடுகிறது. பலச்ருதியான முப்பதாவதற்கு, மங்களமாகக் கருதப்படும் மற்றொரு ராகமான சுருட்டியை வைத்தார். திவ்யதேசங்களில் ஸாற்றுமுறையில் அநுஸந்திக்கப்படுவனவும் இவ்விரண்டு பாட்டுகளே.