சரிவக ஜன்னல்களும் சாம்பல் பெட்டிகளும்

போன மாசம் ஒரு சனிக்கிழமை. இரண்டு மணி நேரம் கார் ஓட்டிப் போய் ஒரு தென்னிந்திய உணவகத்தில் மதியம் சாப்பிட்டோம். அமெரிக்காவின் மத்திய மேற்கில் ஒரு சின்ன ஊர். நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு பெட்ரோல் பங்க், ஒரு டயர் கடை, நடுவில் இது. பஃபே சாப்பாடு. சாம்பார் நன்றாகவே இருந்தது. ஆனால் இந்தப் பதிவு சாம்பாரைப் பற்றியது அல்ல.

கை கழுவிவிட்டு வந்த மகள் கேட்டாள், "அப்பா, இங்க ஜன்னல் எல்லாம் ஏன் கோணலா இருக்கு?"

நிமிர்ந்து பார்த்தேன். சரிவகம். எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்துக்குப் பிறகு அந்தச் சொல்லுக்கு எனக்கு வேலையே வரவில்லை. செங்கல் சுவர், சரிவக ஜன்னல், வெளியே போய்ப் பார்த்தால் இரண்டு தட்டாகச் சரிந்து இறங்கும் கூரை, அதன் உச்சியில் காளையின் திமில் மாதிரி ஒரு மேடு. கூரைக்குப் பச்சை பெயிண்ட் அடித்திருந்தார்கள். இருந்தாலும் இந்த ஊர்க்காரர் யாரைக் கேட்டாலும் அரை நொடியில் சொல்லிவிடுவார்: இது பழைய பீட்சா ஹட்.

அன்றிலிருந்து ஒரு மாசமாக இதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். சங்கிலிக் கடைகளின் பழைய உள்அலங்காரங்களைத் தேடிப் போய்ப் படமெடுப்பதை ஒரு பொழுதுபோக்காகவே வைத்திருக்கும் கூட்டம் இங்கே இருக்கிறது. அவர்கள் சேர்த்து வைத்ததைப் பார்க்கப் பார்க்க ஆசையும் வந்தது, சண்டை போடவும் தோன்றியது. இரண்டையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கூரையே பெயர்ப்பலகை

1958-ல் கான்சாஸ் மாநிலத்தின் விசிட்டா நகரில் டான், ஃபிராங்க் கார்னி என்ற சகோதரர்கள் அம்மாவிடம் 600 டாலர் கடன் வாங்கித் தொடங்கிய கடை பீட்சா ஹட். நாம் பார்க்கும் அந்தக் கூரை முதல் நாளே வந்தது அல்ல. விசிட்டாவைச் சேர்ந்த ரிச்சர்ட் பர்க் என்ற கட்டடக் கலைஞர் வரைந்த சிவப்புக் கூரை வடிவம் 1960களின் கடைசியில்தான் நிறுவனத்தின் அடையாளமாக நிலைத்தது. அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கும் மேலாக அதே வடிவம் ஊர் ஊராக முளைத்தது.

ஏன் கூரை? எல்லாம் கார்தான் காரணம். மணிக்கு நாற்பது மைல் வேகத்தில் வருகிறவன் பெயர்ப்பலகையை எழுத்துக் கூட்டிப் படிக்க மாட்டான், உருவத்தைத்தான் பார்ப்பான். மெக்டொனால்ட்ஸுக்கு 1953-ல் ஸ்டான்லி மெஸ்டன் வரைந்த கட்டடத்தில் இரண்டு பக்கமும் மஞ்சள் வளைவுகள் எழுந்து நின்றது இதே கணக்கில்தான். ஹோவர்ட் ஜான்சனின் ஆரஞ்சுக் கூரையும் அப்படியே.

ராபர்ட் வெஞ்சுரி, டெனிஸ் ஸ்காட் பிரவுன், ஸ்டீவன் ஐசனவர் மூவரும் 1972-ல் லாஸ் வேகஸ் நகரத்தை வைத்து ஒரு புத்தகம் எழுதினார்கள். வியாபாரக் கட்டடங்களை அதில் இரண்டு சாதியாகப் பிரித்தார்கள். ஒன்று 'வாத்து'. லாங் ஐலண்டில் வாத்து விற்பதற்காகவே வாத்து உருவத்தில் கட்டிய ஒரு கடை உண்டு. கட்டடமே விளம்பரம் என்றால் அது வாத்து. மற்றது 'அலங்கரித்த கொட்டகை': சாதாரணப் பெட்டி ஒன்றைக் கட்டி, முன்னால் ஒரு பலகை மாட்டினால் போதும்.

பீட்சா ஹட் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது என்பது என் கணிப்பு. அது பீட்சா வடிவத்தில் இல்லை. ஆனால் கூரையைக் கழற்றி லோகோவில் வைத்துவிட்டார்கள், லோகோவைக் கட்டடத்தின் தலையில் வைத்துவிட்டார்கள். எது முதலில், எது பிறகு என்று பிரிக்க முடியாத அளவுக்கு ஒன்றாகிவிட்டது. கடை காலி செய்த பிறகு பலகையைக் கழற்றலாம், கூரையை எப்படிக் கழற்றுவது?

உள்ளே

இந்த ஊரில் வளர்ந்த நாற்பது வயதுக்காரர்களிடம் பழைய உள்அலங்காரத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், முகம் மாறும். சிவப்பு பிளாஸ்டிக் டம்ளர். மேசைக்கு மேலே தொங்கும் வண்ணக் கண்ணாடி விளக்கு. கட்டம் போட்ட மேசை விரிப்பு. முதுகு உயர்ந்த இருக்கைகள். மூலையில் மேசை வடிவ வீடியோ கேம். 1984-ல் தொடங்கிய 'புக் இட்' திட்டத்தில், மாசத்துக்கு இத்தனை புத்தகம் என்று படித்து முடித்த பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு சின்ன பீட்சா இலவசம். என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் வாழ்க்கையில் தானே சம்பாதித்த முதல் சாப்பாடு அதுதான் என்கிறார்.

கவனிக்க வேண்டியது விளக்கு. கூரை நடுவில் ஒரே பெரிய வெளிச்சம் கிடையாது, மேசைக்கு ஒரு விளக்கு. வெளிச்சம் உங்கள் மேசையில் விழும், பக்கத்து மேசை இருட்டுக்குள் போய்விடும். நாலு பேர் இருந்தால் நாலு பேருக்கு மட்டும் ஒரு அறை. பெரிய செலவில்லாத பிளாஸ்டிக், மலிவான மர நிறப் பலகை, கொஞ்சம் வெளிச்சம், இவற்றை வைத்துக்கொண்டு 'இங்கே கொஞ்ச நேரம் உட்காரு' என்று அந்த இடம் சொன்னது. இதை நான் சாதாரண விஷயமாக நினைக்கவில்லை. பணக்கார ஓட்டலில் இதைச் செய்வது சுலபம். டயர் கடைக்குப் பக்கத்தில் செய்வதுதான் கஷ்டம்.

சாம்பல் பெட்டி

இப்போது புதிதாகக் கட்டும் அல்லது ரீமாடல் செய்யும் எந்தச் சங்கிலி உணவகத்தையும் பாருங்கள். தட்டையான கூரை, சாம்பல் அல்லது பழுப்புச் சுவர், ஒரு பக்கம் மட்டும் மரம் மாதிரி ஒட்டுப்பலகை. பர்கரா, டாக்கோவா, வங்கியா, பல் மருத்துவமனையா? பலகையை மறைத்துவிட்டால் கண்டுபிடிக்க முடியாது. வெஞ்சுரி சொன்ன கொட்டகைதான், ஆனால் அலங்காரத்தையும் குறைத்துவிட்டார்கள்.

காரணங்கள் புரியாமல் இல்லை. ஜனங்கள் கடையில் உட்கார்ந்து சாப்பிடுவது குறைந்து, வீட்டுக்கு வரவழைப்பதும் காரிலிருந்தே வாங்கிக்கொண்டு போவதும் கூடிவிட்டன. எழுபது பேர் உட்காரும் கூடத்துக்கு மின்சாரம், சுத்தம் செய்ய ஆள் என்று செலவு. பீட்சா ஹட் கடைகளை மிக அதிகமாக நடத்திவந்த என்.பி.சி. இன்டர்நேஷனல் நிறுவனம் 2020 ஜூலையில் திவால் மனு கொடுத்தது. அதையொட்டி முந்நூறு கடைகள் வரை மூடுவதாக முடிவானது, அவற்றில் பெரும்பாலானவை உட்கார்ந்து சாப்பிடும் கடைகள். இன்னொன்று, பெட்டி மாதிரி கட்டினால் நாளைக்கு வேறு யாருக்கும் விற்கலாம், வாடகைக்கு விடலாம். திறப்பு விழா அன்றே காலி செய்யும் நாளுக்கும் திட்டம் தயார்.

பழைய கட்டடங்களின் குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான 1990 சட்டத்துக்கு முன்பு கட்டிய பல இடங்களில் சக்கர நாற்காலி நுழையாது. புகைப்பவர்களுக்கு ஒரு பக்கம், மற்றவர்களுக்கு ஒரு பக்கம் என்று ஒரே கூடத்தில் பிரித்து வைத்திருந்த காலம் அது. அந்த மங்கலான வெளிச்சத்தில் சிகரெட் புகையும் இருந்தது. படங்களில் அது தெரியாது.

ரசிகர்களோடு என் சண்டை

இந்தப் பொழுதுபோக்குக்காரர்களின் கண் அபாரமானது. தரை டைல்ஸின் நிறம், ஃபால்ஸ் சீலிங் கட்டம், கழிப்பறைச் சுவரின் பட்டை, இவற்றை வைத்தே எந்த வருஷத்து ரீமாடல் என்று சொல்கிறார்கள். பலகையைக் கழற்றிய பிறகு சுவரில் அழுக்குக் கோடாக எழுத்துகள் மிஞ்சும் இல்லையா, அதற்கு 'லேபிள் ஸ்கார்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எழுத்தின் தழும்பு. தொல்லியல்காரர்கள் மண் அடுக்கைப் படிக்கிற மாதிரி இவர்கள் சூப்பர் மார்க்கெட்டைப் படிக்கிறார்கள். எந்தப் பல்கலைக்கழகமும் கவனிக்காத வேலை. நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால் அவர்கள் மதிப்பு வைப்பது 'கை படாத' இடத்துக்கு. 1985-ல் இருந்தபடியே இருக்கிறதா? பத்துக்குப் பத்து. யாரோ பெயிண்ட் அடித்துவிட்டார்களா? பாழாகிவிட்டது. இந்த அளவுகோலில் நான் சாப்பிட்ட உணவகத்துக்குப் பூஜ்யம். பச்சைக் கூரை, சரிவக ஜன்னலில் சீரியல் விளக்கு, சாலட் வைத்திருந்த மேடையில் இட்லிப் பாத்திரம்.

இங்கேதான் நான் எதிர்க்கட்சி. அந்தப் பழைய அலங்காரமும் ஒரு தலைமை அலுவலகம் ஆயிரக்கணக்கான ஊர்களுக்கு ஒரே அச்சில் அனுப்பியதுதான். அது வந்தபோது எத்தனை உள்ளூர்ச் சாப்பாட்டுக் கடைகளின் அலங்காரம் போயிருக்கும்? அவற்றைப் படமெடுக்க யாரும் இல்லை. சங்கிலிக் கடையின் அலங்காரம் ஊருக்குச் சொந்தமே இல்லை. சட்டமும் அதைத்தான் சொல்கிறது. டெக்சாஸில் டாக்கோ கபானா என்ற மெக்சிகன் உணவகச் சங்கிலி, டூ பெசோஸ் என்ற இன்னொரு சங்கிலி தன் கடைத் தோற்றத்தைக் காப்பியடித்துவிட்டது என்று வழக்குப் போட்டது. 1992-ல் உச்ச நீதிமன்றம் டாக்கோ கபானா பக்கம் தீர்ப்பளித்தது. கடையின் தோற்றமும் வர்த்தக முத்திரை போலப் பாதுகாக்கத் தக்க சொத்து என்று ஆனது.

சொத்து என்றால் சொந்தக்காரர் நினைத்த நாளில் மாற்றலாம். இவ்வளவு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பது உரிம ஒப்பந்தங்களில் வழக்கமாக வரும் நிபந்தனை. செலவு பெரும்பாலும் கடை நடத்துகிறவர் தலையில். கலிஃபோர்னியாவின் டவுனி ஊரில் 1953-ல் கட்டிய மெக்டொனால்ட்ஸ் இன்றும் பழைய வளைவுகளோடு நிற்கிறது. காரணம் யாருடைய ரசனையும் அல்ல. அந்தக் கடைக்காரரின் உரிமம் மெக்டொனால்ட் சகோதரர்களிடமிருந்து நேரடியாக வாங்கியது, ரே கிராக்கின் நிறுவனத்துடன் போட்டது அல்ல. அதனால் புதுப்பிக்கச் சொல்லும் உத்தரவு அவரைக் கட்டுப்படுத்தவில்லை. அந்தக் கடையே 1990-ல் மூடப்பட்டு, பாதுகாக்கச் சொல்லிக் குரல் எழுந்து, 1996-ல்தான் மறுபடி திறந்தது.

பீட்சா ஹட் நிறுவனமும் இப்போது சில ஊர்களில் 'கிளாசிக்' என்று பழைய அலங்காரத்தைத் திரும்பப் பூட்டியிருக்கிறது. பென்சில்வேனியாவின் டங்க்ஹானக் ஊரில் இருப்பது பிரபலம். விளக்கு, டம்ளர், இருக்கை எல்லாம் உண்டு. படங்களைப் பார்த்தேன். தப்பு சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அன்றைக்கு அந்த விளக்கு சாப்பிட வந்த குடும்பத்துக்காகத் தொங்கியது. இன்றைக்கு விளக்கைப் பார்க்கவே வருகிறார்கள்.

இரண்டாவது வாழ்க்கை

பெட்டிக் கட்டடங்களுக்கு ஆதரவாகச் சொல்லும் வாதம் 'யாரும் பயன்படுத்தலாம்' என்பது. உண்மையில் நடந்ததைப் பாருங்கள். யாருக்கும் பொருந்தாத அந்தத் திமில் கூரைக்குள் என்னென்னவோ வந்து குடியேறிவிட்டன. அடகுக் கடை, மதுக்கடை, மெக்சிகன் உணவகம், சீன உணவகம், சின்னச் சர்ச். எல்லாம் தாராளமாகப் பொருந்தின. எப்படி? கோணலான கட்டடம் என்பதால் பெரிய நிறுவனம் எதுவும் அதை விரும்பாது. விரும்பாததால் வாடகை குறைவு. வாடகை குறைவு என்பதால், வங்கியில் பெயரில்லாத, ஊருக்குப் புதிதாக வந்த ஒருவர் முதல் கடை போட முடிகிறது. புது முயற்சிகள் பழைய, வாடகை மலிந்த கட்டடங்களில்தான் பிழைக்கும் என்று ஜேன் ஜேக்கப்ஸ் 1961-லேயே வாதிட்டார். அவர் மனதில் இருந்தது பெருநகரத் தெருக்கள். நெடுஞ்சாலை ஓரத்துக்கும் அது பொருந்துகிறது.

எளிதாக விற்க முடிகிற சாம்பல் பெட்டி இன்னொரு பெரிய சங்கிலிக்குத்தான் போகும். எளிதில் விற்க முடியாத கோணல் கட்டடம் நம்மைப் போன்றவர்களுக்கு வரும். இந்த ரீமாடல் அலையில் நாம் இழப்பது சிவப்பு டம்ளரை மட்டும் அல்ல, இந்த வாசலையும்தான்.

இவ்வளவையும் மனதுக்குள் எழுதிக்கொண்டே போன வாரம் மறுபடி அங்கே போனேன். கேமராவோடு. கடைக்காரர் கரூர்ப் பக்கத்துக்காரர், ஐம்பது வயது இருக்கும். நான் கூரையைச் சுற்றிச் சுற்றிப் படமெடுப்பதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"என்ன தம்பி, இன்சூரன்ஸா?"

இல்லண்ணா, இந்தக் கட்டடத்தைப் பத்தி எழுதறேன், ரொம்ப அழகான கூரை என்றேன். சிரித்துவிட்டார்.

"அழகுதான். மழை வந்தா அந்தக் கூம்புக்கிட்டதான் ஒழுகும். நீங்க போட்டோ எடுங்க, நான் வாளி வைக்கிறேன்."

பிறகு அவரே சொன்னார். நிலத்துக்காரர் விற்கப்போகிறாராம். காபி வாங்கிக்கொண்டு காரிலேயே போகிற மாதிரி ஒரு கடை வரப்போகிறது, உட்கார இடமே இருக்காது. இவருக்கு அடுத்த மார்ச் வரை டைம். நாலு மைல் தள்ளி ஒரு கடை வரிசையில் இடம் பார்த்திருக்கிறார், வாடகை இதைப் போல இரண்டு மடங்கு. "ஒழுகாது," என்றார்.

என் வாதத்தை நான் வாபஸ் வாங்கவில்லை. ஆனால் இனி எந்தக் கூரையைப் பற்றி எழுதினாலும் வாளியையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும் என்று தோன்றுகிறது.

மார்ச்சுக்குள் இன்னொரு முறை குடும்பத்தோடு போவோம். மகள் அந்த ஜன்னலை வரைந்து வைத்திருக்கிறாள். அதன் பரப்பளவை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்கிறாள். சூத்திரம் மறந்துபோச்சு, புத்தகத்தைத் தேடணும்.