குவாய் பாலமும் கூலிக் கணக்கும்

‘தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்’ படத்தை மறுபடி பார்த்தேன். 1957ல் டேவிட் லீன் எடுத்தது. ஏழு ஆஸ்கர் வாங்கியது. சயாம்-பர்மா ரயில்பாதை என்றால் உலகத்துக்கு இந்தப் படம்தான் ஞாபகம். சிறைபட்ட பிரிட்டிஷ் கர்னல், எதிரிக்குக் கட்டித்தரும் பாலத்தைத் தன் படையின் மானமாக நினைத்துக்கொள்கிறார். மோசமான படம் என்று சொல்ல வரவில்லை. கடைசிக் காட்சிகள் என்னையும் கட்டிப்போட்டன. சிக்கலே அதுதான்.

நம்மாளுங்க எங்கே? கமாண்டோக்களுக்குச் சுமை தூக்க சயாம் பெண்கள் வருகிறார்கள். தண்டவாளம் போட்ட கூலி ஒருத்தர்கூட இல்லை.

1942-43ல் ஜப்பான் ராணுவம் போட வைத்த பாதை 415 கிலோமீட்டர். நேசநாட்டுக் கைதிகள் 60,000 பேருக்கு மேல் வேலை செய்தார்கள். 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். ஆசியக் கூலிகள் சுமார் இரண்டு லட்சம். செத்தது 90,000 இருக்கும் என்கிறார்கள். அதில் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து அள்ளிப்போன தமிழர்கள் பல்லாயிரம். சேரிகளிலிருந்து கங்காணி கூட்டிப்போன சனமும் அவர்களின் பிள்ளைகளும் அதில் கணிசம்.

‘இருக்கும் என்கிறார்கள்’ என்றுதான் எழுத முடிகிறது. கைதிக்குப் பேர், நம்பர், படைப்பிரிவு இருந்தது. அதிகாரிகள் ஒளித்துவைத்துப் பட்டியல் எழுதினார்கள். கூலிக்குப் பட்டியல் எழுத யார் இருந்தார்கள்? காலராவில் விழுந்தவர்களைக் குழியில் தள்ளி மூடினார்கள். காஞ்சனபுரி போர்க் கல்லறையில் கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள், வரிசை பிசகாமல்.

இன்னொன்று. 1944ல் ஜப்பான் ராணுவமே அங்கே ஒரு நினைவுத்தூண் எழுப்பியது. அதில் பொறித்த மொழிகளில் தமிழும் ஒன்று. கொன்றவனுக்குத் தெரிந்திருக்கிறது, செத்தவன் என்ன பாஷை பேசினான் என்று. ஜெயித்துத் திரும்பிய வெள்ளைக்காரத் துரைக்கு ரப்பர்தான் தெரிந்தது. தமிழர்களுக்கென்று அங்கே நடுகல் நட 2023 ஆகிவிட்டது.

துரையை மட்டும் திட்டி என்ன? மலேசியாவில் அ.ரெங்கசாமி இந்தச் சாவுகளை ‘நினைவுச்சின்னம்’ நாவலில் எழுதினார். எம்.ஏ. தமிழ் படித்த இரண்டு வருசமும் அந்தப் பேரை வகுப்பில் நான் கேட்டதில்லை. கடாரம் கொண்ட சோழனைத்தான் மனப்பாடம் பண்ணினேன். கடாரம் என்பது இன்றைய கெடா. அந்தக் கெடாத் தோட்டங்களிலிருந்தும் சயாமுக்கு ரயிலேற்றினார்கள். போனவர்கள் பேரை நம்ம பக்கத்திலும் யாரும் எழுதி வைக்கவில்லை.