அண்ணாந்து பார்க்க ஒரு கூரை

இத்தாலிக்குப் போகிறவர்கள் ரோம், வெனிஸ், ஃபிளாரன்ஸ் என்று பட்டியல் போடுகிறார்கள். போகட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அந்த மூன்று ஊர்களிலும் பார்த்ததையெல்லாம் ஒரே நாளில் மறக்கடித்த இடம் ஒன்று உண்டு. சிசிலித் தீவின் பலெர்மோ நகரில், நார்மன் அரண்மனையின் மாடியில் இருக்கும் சின்னஞ்சிறு தேவாலயம். பெயர் கப்பெல்லா பலத்தீனா. இரண்டாம் ரோஜர் என்ற ராஜா 1130-ல் முடிசூடிய கையோடு தனக்காகக் கட்டத் தொடங்கியது. மிகையாகப் பேசுகிறேன் என்று நினைப்பீர்கள். அங்கே போய்வந்த பிறகு என்னால் அளவாகப் பேச முடியவில்லை.

நுழைந்ததும் தங்கம் கண்ணைப் பறிக்கிறது. சுவரெல்லாம் மொசைக். விரல்நகத்தைவிடச் சிறிய சில்லுகள், அவற்றில் தங்கம் பூசிய கண்ணாடி. நாம் நகர நகர வெளிச்சமும் சுவரில் கூடவே நகர்கிறது. கருவறைக் குவிமாடத்திலிருந்து கிறிஸ்து நம்மையே பார்க்கிறார். இது பைசாந்திய கிரேக்கர்களின் கைவேலை. கீழே தூண் வரிசைகளோடு நீளும் மண்டபம் லத்தீன் பாணி. இவ்வளவோடு நிறுத்தியிருந்தாலே உலகம் கொண்டாடியிருக்கும். தலையைத் தூக்கினால்தான் தெரிகிறது, ரோஜர் நிறுத்தவில்லை என்பது.

கூரை மரத்தால் ஆனது. தேன்கூட்டைக் கவிழ்த்து வைத்ததுபோல அடுக்கடுக்காகத் தொங்கும் அரபு வேலைப்பாடு, முகர்னஸ். நடுவில் எட்டுமுனை நட்சத்திரங்கள் இரண்டு வரிசையாகப் போகின்றன. ஒவ்வொரு குழிவுக்குள்ளும் ஓவியம். கழுத்து வலிக்க வலிக்கப் பார்த்தேன். சம்மணமிட்டு உட்கார்ந்து கையில் மதுக்கிண்ணத்தோடு ஒருவர், ஊத் என்ற நரம்பு வாத்தியம் வாசிப்பவர், நடனமாடும் பெண்கள், அம்பாரியோடு ஒட்டகம், எதிரெதிரே உட்கார்ந்து சதுரங்கம் ஆடும் இருவர். தேவாலயக் கூரையில் கச்சேரியும் குடியும்! சுற்றிலும் அரபு எழுத்தில் ராஜாவுக்கு வெற்றி, நலம், நீண்ட ஆயுள் என்று வாழ்த்து ஓடிக்கொண்டே இருக்கிறது. கீழே லத்தீனிலும் கிரேக்கத்திலும் பூசை, மேலே அரபியில் வாழ்த்து. எழுதியவர்களுக்கு இது விசித்திரமாகவே பட்டிருக்காது என்று நினைக்கும்போதுதான் எனக்குச் சிலிர்த்தது.

எப்படி நடந்தது இது? 827-ல் வட ஆப்பிரிக்காவிலிருந்து அரபுப் படைகள் சிசிலியில் இறங்கின. 831-ல் பலெர்மோ அவர்கள் கைக்கு வந்தது. வாய்க்கால் வெட்டினார்கள், எலுமிச்சையும் கரும்பும் வளர்த்தார்கள். 1072-ல் ரோஜரின் குலத்தாரான நார்மன்கள் ஊரைப் பிடித்தபோது இடித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கவில்லை, தொடங்கவும் முடியாது. வந்தவர்கள் கொஞ்சம் பேர். நிலக்கணக்கும் வரிக்கணக்கும் தெரிந்த குமாஸ்தாக்கள் அரபியிலும் கிரேக்கத்திலும்தான் எழுதினார்கள். ரோஜருக்கு வயது வரும்வரை ஆட்சியைப் பார்த்துக்கொண்ட அம்மா அடலாய்டா 1109-ல் அனுப்பிய கடிதம் ஒன்று இன்னும் இருக்கிறது. கிரேக்கமும் அரபியும் ஒரே தாளில். ஐரோப்பாவில் எஞ்சியிருக்கும் தேதியிட்ட காகித ஆவணங்களில் மிகப் பழையது அது.

அந்தப் பிள்ளை வளர்ந்து ராஜாவானதும் ஊரே கலவையாகிவிட்டது. 1142-ல் அமைத்த நீர்க்கடிகாரத்துக்கு லத்தீன், கிரேக்கம், அரபி மூன்றிலும் கல்வெட்டு. தேவாலயத்தின் வெளிச்சுவரிலேயே பதித்திருக்கிறார்கள். ராஜாவின் சிவப்புப் பட்டு அங்கியில் தங்க இழையில் அரபு வாசகம், ஹிஜ்ரி 528 என்ற ஆண்டோடு. (அதைப் பார்க்க வியன்னாவுக்குப் போகவேண்டும் என்பதில் எனக்குக் கொஞ்சம் கோபம்தான்.) அல் இத்ரீசி என்ற முஸ்லிம் அறிஞர் இங்கே உட்கார்ந்துதான் 1154-ல் தன் உலகப் புவியியல் நூலை முடித்தார். வரைபடத்தில் தெற்கு மேலே இருக்கும். நம் பக்கத்து இலங்கையைப் பற்றியும் எழுதுகிறார்: அந்த நாட்டு அரசனுக்குப் பதினாறு மந்திரிகள், நால்வர் உள்ளூர்க்காரர், நால்வர் கிறிஸ்தவர், நால்வர் முஸ்லிம், நால்வர் யூதர் என்று. அது உண்மையோ கேள்விப்பட்ட கதையோ, பலெர்மோவில் இருந்த ஒருவர் ஆசையாக எழுதிவைக்கக்கூடிய செய்திதான்.

தேவாலயத்துக்கு அடுத்து என் மனதைப் பிடித்துக்கொண்டது ஒரு சமாதிக் கல். அதே ஊரின் ஸீஸா மாளிகை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கிரிசாந்துஸ் என்ற பாதிரியார் தன் தாய் அன்னாவுக்காக 1149-ல் செதுக்க வைத்தது. நடுவில் வண்ணக்கல் பதித்த சிலுவை, நாலு பக்கமும் நாலு எழுத்து: லத்தீன், கிரேக்கம், அரபி, பிறகு எபிரேய எழுத்தில் எழுதிய அரபி. அம்மா இறந்த ஆண்டையும் அவரவர் கணக்கிலேயே சொல்லியிருக்கிறார். ராஜா செய்தால் அதில் அரசியல் இருக்கும். ஒரு மகன் தன் தாயின் பெயரை ஊரில் யார் நடந்துபோனாலும் படிக்கவேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறான். அந்தக் கல்லின் முன்னாலிருந்து எனக்கு நகர மனம் வரவில்லை.

உடனே 'மத நல்லிணக்க சொர்க்கம்' என்று கிளம்பிவிட வேண்டாம். ரோஜர் மகானெல்லாம் இல்லை. ஆள் தேவைப்பட்டது, வைத்துக்கொண்டான். 1184 கிறிஸ்துமஸ் சமயத்தில் வந்த இப்னு ஜுபைர் என்ற பயணி, கிறிஸ்தவப் பெண்கள் முஸ்லிம் பெண்களைப்போலவே முக்காடிட்டு, மருதாணியோடு தேவாலயம் போவதைக் கண்டு வியக்கிறார். அதே பயணி, உள்ளூர் முஸ்லிம்களின் பயத்தையும் எழுதியிருக்கிறார். அதற்கு முன்பே, 1160-களில், பலெர்மோவில் முஸ்லிம்கள் மீது தாக்குதல் நடந்துவிட்டது. 1220-களில் ரோஜரின் பேரன் இரண்டாம் ஃபிரெடரிக் சிசிலி முஸ்லிம்களைப் பெயர்த்து, இத்தாலியின் பெருநிலத்திலுள்ள லுச்சேராவுக்கு அனுப்பத் தொடங்கினான். வாழ்த்து எழுதியவர்களின் பேரப்பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கலாம். இது தெரிந்தபின் அந்தக் கூரை எனக்கு இன்னும் அருமையாகிவிட்டது.

பக்கத்து ஊர் மொன்ரியாலேயில் இதைவிடப் பல மடங்கு பெரிய மொசைக் கடல் இருக்கிறது. பிரமாதம்தான். ஆனால் ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் யோசிக்காமல் கப்பெல்லா பலத்தீனாவுக்கே போங்கள். கூட்டம் சேருவதற்குமுன் காலையிலேயே போய்விடுங்கள். சின்ன பைனாகுலர் ஒன்றை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். அது இல்லாவிட்டால் அந்தச் சதுரங்கக்காரர்கள் கண்ணில் படமாட்டார்கள்.