துண்டும் சான்றிதழும்

ஒரு காகிதத்தின் மதிப்பை அறிய வேண்டுமாயின், அதில் எழுதியிருப்பதை மட்டும் படித்தாற் போதாது. அதனை எழுதியவர் யார், படிப்பவர் யார், அது யாருடைய வாழ்வைத் தீர்மானிக்கிறது என்ற மூன்றையும் கேட்டாக வேண்டும். மலையக மக்கள் இக்கேள்விகளை ஏட்டிற் கற்கவில்லை, பட்டுக் கற்றனர்.

அக்காலத்தில் ஒரு கங்காணியும் அவன் ஆட்களும் ஒரு தோட்டத்தை விட்டு மறுதோட்டம் செல்ல வேண்டுமாயின், இன்ன தொகைக் கடனைத் தீர்த்தால் இவர்களை விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுக்கும் 'துண்டு' வேண்டும். எழுதியவர் துரை, படித்தவர் அடுத்த தோட்டத்துத் துரை, கடனோ, அதைப் படிக்க அறியாத தொழிலாளியின் தலைமேல். 1921 இல் அம்முறை சட்டத்தால் ஒழிந்தது. காகிதங்கள் ஒழியவில்லை. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பின்னர், சான்றுப் பத்திரம் இல்லாத குற்றத்துக்காகவே இலட்சக்கணக்கானோர் நாடற்றோராயினர்.

இன்று புதியதொரு சான்றிதழ் பேசப்படுகின்றது. செயற்கை நுண்ணறிவை நிறுவனங்கள் பொறுப்புடன் நிர்வகிக்க வேண்டும் என்பதற்காக 2023 டிசம்பரில் வெளியான ஐ.எஸ்.ஓ./ஐ.ஈ.சி. 42001 என்னும் அனைத்துலக நியமம் நிறுவனங்களுக்குரியது. அதனை நடைமுறைப்படுத்துவோருக்கும் தணிக்கை செய்வோருக்கும் பெரும்பாலும் ஐந்து நாட் பயிற்சியும் பரீட்சையும் உண்டு. உயர்தரம் முடித்த எம் மாணவர் ஒருவர் அண்மையில் எம்மிடம், "சேர், இந்தச் சேர்டிபிகேட் எடுத்தால் பிரயோசனம் உண்டா?" என்று வினவினார். அவ்வினாவே இக்கட்டுரைக்குக் காரணம்.

முதலில் நியாயமானதைச் சொல்லிவிடுவோம். இந்நியமம் வெற்று அலங்காரமன்று. அதன் இணைப்பிலுள்ள 38 கட்டுப்பாடுகளுள், தனிமனிதருக்கும் சமுதாயத்துக்கும் நேரக்கூடிய பாதிப்பை மதிப்பிட வேண்டும், தரவு எங்கிருந்து வந்ததெனப் பதிய வேண்டும், பொறுப்புகளைப் பகிர்ந்தளிக்க வேண்டும் என்பனவும் உள்ளன. ஒழுங்கின்றிப் பொறியை ஏவுவதினும் ஒழுங்குடன் ஏவுவது மேல்.

ஆயினும் இச்சான்றிதழ் எதனைச் சான்றுபடுத்துகின்றது? பொறி வழங்கிய தீர்ப்பு நீதியானது என்பதையன்று. நிறுவனத்தில் நிர்வாக முறையொன்று இயங்குகின்றது என்பதையே. அம்முறையின் எல்லையை வரையறுப்பதும் அந்நிறுவனமே. அக்கறையுள்ள தரப்பினர் யார், அவர்கள் தேவை யாது என்று முடிவு செய்வதும் அந்நிறுவனமே. தணிக்கையாளருக்குக் கூலி கொடுப்பதும் அதுவே. பாதிக்கப்படுபவன் இந்நூலில் எங்கும் பேசுவதில்லை. அவனைப் பற்றிப் பேசப்படுகின்றது. தராசின் முத்திரையைச் சோதித்துவிட்டு, கொழுந்தின் நிறையில் எத்தனை கிலோ கழிக்கப்பட்டதென்று பறித்தவளைக் கேளாமற் போவதை ஒத்தது இது.

நெதர்லாந்து நாட்டில் நிகழ்ந்ததை எண்ணிப் பார்க்க. குழந்தைப் பராமரிப்புக்கான உதவித் தொகையில் மோசடி செய்தனரென்று பல்லாயிரம் பெற்றோர் தவறாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, கடனாளியாயினர். ஐயத்துக்குரியவரைத் தெரிந்த கணினி முறையில், விண்ணப்பதாரர் டச்சுக் குடியுரிமை உடையவரா என்பதும் ஓர் அளவுகோலாயிருந்தது. 2021 ஜனவரியில் அரசாங்கமே பதவி துறந்தது. அக்காலத்தில் இச்சான்றிதழ் பிறக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் அவ்வநீதியை வெளிக்கொணர்ந்தவை அலுவலகத்தின் உள்முறைகள் அல்ல. விடாது கேட்ட பெற்றோரும், அவர்தம் வழக்கறிஞரும், பத்திரிகையாளரும், பாராளுமன்ற உறுப்பினர் சிலருமே.

எம் நாட்டுக்கு வருவோம். 2023 இல் தொடங்கிய அஸ்வெசும நலன்புரித் திட்டம் குடும்பங்களின் வறுமையை 22 குறிகாட்டிகளால் அளந்தது. அது செயற்கை நுண்ணறிவன்று. நிறை கொடுத்துக் கூட்டும் கணக்கே. அதற்கே பல இலட்சம் மேன்முறையீடுகள் குவிந்தன. கணக்குக்கே இத்தனை முறையீடு எனின், தன் காரணத்தைத் தானே விளக்கமாட்டாத பொறி தெரிவு செய்யும் நாளில் யாரிடம் முறையிடுவது?

எம்மூரான ஹாலிஎலவை அடுத்த ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934 இல் பிறந்தவர் தெளிவத்தை ஜோசப். லயத்து ஒற்றைக் காம்பராவில் ஒரு குடும்பம் முழுவதும் படுத்துறங்க நேரும்போது மானம் படும் பாட்டை அவருடைய 'மீன்கள்' காட்டுகின்றது. தோட்டத்துப் பேரேட்டில் காம்பராவின் எண் இருக்கும். அந்த இரவு இராது. எந்தப் படிவமும் தன் கட்டங்களுக்கு வெளியே உள்ளதைக் காணாது. அதனாற்றான், கட்டங்களுக்குள் அடங்காதவன் எழுந்து நின்று பேசும் உரிமை வேண்டும் என்கிறோம்.

அவ்வுரிமையின் வித்து எம் சட்டத்திலேயே உண்டு. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், முற்றிலும் தானியங்கு முறையால் எடுக்கப்பட்ட முடிவை மீளாய்வு செய்யுமாறு கேட்க மனிதனுக்கு இடமளிக்கின்றது. ஆனால் அதன் முதன்மைப் பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்து ஒத்திவைக்கப்பட்டன. சான்றிதழ் நிறுவனம் தானே விரும்பி அணியும் ஆடை. சட்டமோ மக்கள் கையிலுள்ள பிடி. முன்னதைக் காட்டிப் பின்னதை ஒத்திப்போட இடங்கொடுத்தலாகாது.

எம் மாணவருக்கு நாம் கூறிய விடை இதுவே: பயிலுங்கள், அறிவு எவருக்கும் பகையன்று. ஆனால் சான்றிதழுடன் அலுவலகத்திற் சென்றமரும் நாளில், மூன்று காரியங்களைக் கேளுங்கள். பொறியின் முடிவுக்கு விடைசொல்லும் அலுவலரின் பெயர் வெளிப்படையாக இருக்கின்றதா? காரணம் தமிழிலும் சிங்களத்திலும் எழுதித் தரப்படுகின்றதா? தணிக்கையின்போது பாதிக்கப்பட்டவரின் பிரதிநிதிக்கு ஒரு நாற்காலி உண்டா? இம்மூன்றும் இல்லையெனின் நீங்கள் கையெழுத்திடுவது பொறுப்புக்கன்று, புதிய துண்டொன்றுக்கே.