மினி பிசியில் வீட்டு ஏஐ: எட்டு டோக்கன் கணக்கு

வீட்டுக்கென்று தனி ஏஐ வைத்துக்கொள்ளும் பழக்கத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் பல்கேரியாவின் ஜார்ஜி கெர்கானோவ். 2023 மார்ச்சில் அவர் வெளியிட்ட 'லாமா.சிபிபி' மென்பொருள், ஏஐ மாடலின் 'எடைகள்' எனப்படும் எண்களை நான்கு பிட்டுக்குச் சுருக்கி, கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியிலும் ஓட்டிக் காட்டியது. அதன்பின் இன்டெல் என்100 சிப் வைத்த மினி பிசியை டிவிக்குப் பின்னால் செருகி, மாடல்களை ஓட்டும் ஒல்லாமா மென்பொருளை நிறுவி, சந்தா கட்டாமல் ஏஐ ஓட்டுகிறவர்கள் பெருகிவிட்டார்கள்.

அவர்கள் சொல்லும் காரணங்களில் வலுவானது ரகசியம். 2023இல் சாம்சங் பொறியாளர்கள் நிறுவனத்தின் சோர்ஸ் கோடை சாட்ஜிபிடியில் ஒட்டிவிட, அந்நிறுவனம் இத்தகைய கருவிகளுக்கே தடை போட்டது. வழக்குக் கட்டு, மருத்துவ அறிக்கை, வரிக் கணக்கு போன்றவற்றைக் கையாளுகிறவர்களுக்கு அந்தக் கவலை நியாயமானதே.

வேகத்தில்தான் வருகிறது சிக்கல். விளம்பரங்கள் சிப்பின் 'டாப்ஸ்' எண்ணை, அதாவது நொடிக்கு எத்தனை லட்சம் கோடி கணக்குப் போடும் என்பதை, கொட்டை எழுத்தில் போடுகின்றன. அந்த எண்ணை நம்பி வாங்குவது வீண். மாடல் ஒவ்வொரு டோக்கனை, அதாவது ஒரு சொல்லை அல்லது சொல்லின் துண்டை, எழுதும்போதும் அதன் எடைகள் முழுவதையும் ரேமிலிருந்து படித்தாக வேண்டும். என்100இல் ரேமுக்கு ஒரே சேனல். டிடிஆர்5-4800 போட்டாலும் நொடிக்கு 38.4 ஜிபிக்கு மேல் வராது. நான்கு பிட்டுக்குச் சுருக்கிய லாமா 3.1 8பி மாடலின் அளவு சுமார் 4.9 ஜிபி. வகுத்துப் பார்த்தால் நொடிக்கு எட்டு டோக்கன்கூடத் தேறவில்லை. நடைமுறையில் இன்னும் குறையும். எம்4 மேக் மினியில் இந்த ரேம் வேகம் நொடிக்கு 120 ஜிபி. ஆனால் அதன் விலையை மலிவு என்று சொல்ல முடியாது.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு அடி இரட்டிப்பு. சாதாரண ஆங்கிலச் சொல் பெரும்பாலும் ஒரே டோக்கனில் முடிந்துவிடும். தமிழ்ச் சொல்லைப் பல மாடல்கள் துண்டு துண்டாக நறுக்குகின்றன. போதாக்குறைக்கு, சிறிய மாடல்களின் தமிழ் இலக்கணம் வேறு தடுமாறும். காத்திருந்து வாங்கிய பதிலைத் திருத்த வேண்டியும் வரும்.

2025 ஏப்ரலில் வந்த க்வென்3-30பி-ஏ3பி இந்தக் கணக்கைக் கொஞ்சம் மாற்றியது. மொத்தம் சுமார் 3,050 கோடி எடைகள் இருந்தாலும் ஒரு டோக்கனுக்கு ஏறத்தாழ 330 கோடியைத்தான் தொடுகிறது. ஆகவே மெதுவான ரேமிலும் ஓரளவு ஓடும். 32 ஜிபி ரேம் மட்டும் வேண்டும்.

உரையாடலை விட்டு வேறு வேலை கொடுத்தால் இந்தப் பெட்டி பேர் வாங்கும். கூட்டத்தில் பதிவு செய்த ஒலியை, பேச்சை எழுத்தாக்கும் விஸ்பரிடம் கொடுத்துவிட்டுத் தூங்கப் போகலாம். ஃப்ரிகேட் மென்பொருளைப் போட்டால், வாசல் கேமராவில் தெரிவது ஆளா, நாயா என்று பிரித்துச் சொல்லும். சராசரி பத்து வாட் இழுத்தாலும் மாதம் முழுக்க ஓட ஏழு யூனிட்டுக்குச் சற்று மேல்தான் ஆகும்.

ரகசியத்துக்காக வாங்கியவர்களே கோட்டைவிடும் இடம் ஒன்றுண்டு. ஒல்லாமா இயல்பாக அதே கணினிக்குள் மட்டுமே பதில் சொல்லும், கடவுச்சொல் கேட்காது. மொபைலிலிருந்து பேசலாமே என்று முகவரியை 0.0.0.0 என மாற்றி, ரவுட்டரிலும் போர்ட்டைத் திறந்துவிட்டால், ஊரில் யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம்.

மலிவு என்ற வாதமும் இப்போது ஆட்டம் காண்கிறது. மினி பிசியைப் போன்ற இன்னொரு சிறு கணினியான, 120 டாலருக்கு அறிமுகமான 16 ஜிபி ராஸ்பெர்ரி பை 5, 2025 டிசம்பரில் 145 டாலராக ஏறியது. காரணம் மெமரி விலையேற்றம். அந்த ஏற்றத்துக்குக் காரணம், மெமரி சிப்புகளைப் போட்டி போட்டு வாங்கும் ஏஐ டேட்டா சென்டர்கள்.