லேபிள் அறுந்த சட்டை

தில்லி சரோஜினி நகர் சந்தையில் குவியலாகக் கிடக்கும் சட்டைகள் பலவற்றில் லேபிள் இருக்காது. இருந்தாலும் குறுக்கே கத்தரி போட்டிருப்பார்கள். ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சியவை, சிறு குறைக்காகத் தள்ளப்பட்டவை. துணி நல்ல துணி, தையலும் நல்ல தையல். யார் தைத்தது, எங்கே போக வேண்டியது என்பது மட்டும் தெரியாது. கைக்காசைப் போட்டு இசைக் காணொளி எடுக்கும் தில்லி இளைஞர்களுக்கு உடை தேட ஏற்ற இடம் இது. அவர்கள் எடுக்கும் காணொளிக்கும் அந்தச் சட்டையின் கதி நேர்ந்துவிடக் கூடாது. பாடல் உருவான விதத்தைப் பதிவுசெய்வது விளம்பரத்துக்கான உபரி வேலை என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. பெரிய நிறுவனத்துக்கு அப்படி இருக்கலாம். சுயாதீனக் கலைஞருக்கோ, தன் உழைப்பு தன்னுடையது என்று சொல்வதற்கான முதல் சான்றே அதுதான்.

சட்டத்தைப் பார்த்தால் இது விளங்கும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி வரிகளுக்கு ஆசிரியர் எழுதியவர். மெட்டுக்கு ஆசிரியர் இசையமைத்தவர். ஒலிப்பதிவுக்கும் திரைப்படத்துக்கும் தயாரிப்பாளரே ஆசிரியர். இசைக் காணொளியும் சட்டத்தின் கண்ணில் திரைப்படமே. 2012இல் வந்த திருத்தம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் பங்கை உறுதிசெய்தது. அதே திருத்தம், படத்தில் சிறிதளவே பங்கேற்று, தொழில் வழக்கப்படி பெயர்ப்பட்டியலில் இடம்பெறாத ஒருவரைப் பெரும்பாலான விஷயங்களில் ‘நிகழ்த்துநர்’ என்றே கணக்கில் கொள்ளாமல் விட்டது. பெயர் இல்லாவிட்டால் உரிமையும் தேய்கிறது. பணம் போட்டவர் கையில் ரசீது இருக்கும். மெட்டை முதலில் முணுமுணுத்தவர் கையில் என்ன இருக்கும்? ஒப்பந்தம் எழுதாமல், நட்பின் பேரில் நான்கைந்து பேர் கூடிச் செய்யும் வேலையில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடியது அந்த நாட்களின் பதிவு ஒன்றே.

2021 மார்ச்சில் வெளியான ‘எஞ்சாயி எஞ்சாமி’ இதற்குத் தமிழில் கிடைத்திருக்கும் பெரிய எடுத்துக்காட்டு. பாடகி தீயும் பாடகர் அறிவும் பாட, இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் தயாரிப்பில் மாஜா நிறுவனம் வெளியிட்ட அந்தப் பாடல் கோடிக்கணக்கானோரைச் சென்றடைந்தது. 2022 ஜூலையில் சென்னையில் நடந்த செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமல் அது பாடப்பட்டது. பாடல் தன் ஆக்கம் என்று சில நாட்களில் அறிவு பொதுவெளியில் எழுதினார்; அது கூட்டு முயற்சி என்று சந்தோஷ் நாராயணன் பதில் எழுதினார். யார் சொன்னது சரி என்று தீர்ப்பு எழுதுவது இக்கட்டுரையின் வேலை அல்ல. ஆனால் அந்த வாக்குவாதம் முழுக்க நினைவின் மீதே நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு பாட்டியின் வாழ்க்கையையும் நிலமற்ற மக்களின் வரலாற்றையும் சுமந்த பாடல் அது. அதன் பிறப்பு இரண்டு அறிக்கைகளுக்கு நடுவே தொங்கியிருக்க வேண்டியதில்லை.

தில்லியிலேயே மாற்று உதாரணம் ஒன்று உண்டு. இந்தியன் ஓஷன் இசைக்குழு பல ஆண்டுகள் கரோல் பாகில், கஜூர் சாலையில் இருந்த பழைய பங்களா ஒன்றில் ஒத்திகை பார்த்தது. ஜெய்தீப் வர்மா இயக்கிய ‘லீவிங் ஹோம்’ என்ற ஆவணப்படம் அந்த வீட்டையும் அதற்குள் பாடல்கள் முளைத்த விதத்தையும் சொல்கிறது. ஒரு பாடல் எந்தக் கித்தார் துணுக்கிலிருந்து தொடங்கியது, யார் எதைச் சேர்த்தார்கள் என்பதெல்லாம் அதில் குழுவின் நால்வரின் வாயாலேயே வருகிறது. படம் 2010இல் திரையரங்குகளுக்கு வந்தது. தபலா வாசித்துக்கொண்டே பாடிய அஷீம் சக்ரவர்த்தி அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, 2009 டிசம்பரில் இறந்துவிட்டார். நால்வரில் இன்னொருவரான சுஷ்மித் சென் 2013இல் குழுவிலிருந்து விலகினார். அந்த நால்வர் ஓரிடத்தில் உட்கார்ந்து தங்கள் பங்கைத் தாங்களே சொல்லும் வாய்ப்பு இனி வராது. குழு தன் ஆல்பம் ஒன்றுக்கு அந்த வீட்டின் முகவரியையே, ‘16/330 கஜூர் ரோடு’ என்று, பெயராக வைத்தது. முகவரியே தலைப்பாகும் அளவுக்கு அந்த இடமும் இசையில் பங்காளி.

மேக்கிங் வீடியோ என்பதே நடிப்புதானே, எதை நம்புவது என்ற மறுப்பு எழும். நியாயமான மறுப்பு. பீட்டில்ஸ் குழு 1969 ஜனவரியில் பாடல்களை உருவாக்கியபோது எடுத்த காட்சிகளிலிருந்து 1970இல் ‘லெட் இட் பி’ வந்தது. உடைந்துகொண்டிருக்கும் குழுவின் படம் என்றே அதைப் பலர் பார்த்தார்கள். 2021இல் பீட்டர் ஜாக்சன் அதே சுருள்களிலிருந்து ஏறக்குறைய எட்டு மணி நேரத் தொடரை உருவாக்கியபோது சிரிப்பும் சேர்ந்துழைப்பும் மேலெழுந்தன. ஆனால் இரண்டாவது பார்வை சாத்தியமானது வெட்டாத சுருள்கள் பத்திரமாக இருந்ததால் அல்லவா? ஆகவே இந்த மறுப்பு பதிவை வேண்டாம் என்று சொல்லவில்லை. மெருகேற்றிய மூன்று நிமிடத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழிக்கும் பழக்கத்தையே குற்றம் சாட்டுகிறது. கைக்காசில் படம் எடுப்பவருக்கு இரண்டாவது கேமரா ஏது என்பது இன்னொரு மறுப்பு. கேமராவே வேண்டியதில்லை. தேதியோடு கூடிய டெமோ ஒலிக்கோப்பு, அடித்துத் திருத்திய வரிகள் உள்ள நோட்டு, அன்று ஷூட்டிங்குக்கு வந்தவர்களின் பெயர், இரண்டு இடங்களில் வைத்த ஹார்ட் டிஸ்க் போதும். கலையின் மர்மம் கலைந்துவிடும் என்ற அச்சத்துக்கு இந்தியன் ஓஷன் படமே பதில்: பிறந்த கதை தெரிந்தபின் அந்தப் பாடல்கள் எதுவும் சிறுத்துவிடவில்லை.

படம் பிடித்த இடத்தையும் இந்தப் பதிவு காப்பாற்றும். 2017இல் டி.எம். கிருஷ்ணா பாடிய ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ எண்ணூர்க் கழிமுகத்தில் எடுக்கப்பட்டது. அங்கே அனல்மின் நிலையச் சாம்பலும் சேறும் காட்சிக்குப் பின்னணி அல்ல, அவையே பொருள். சரோஜினி நகருக்கும் இது பொருந்தும். ஏழு அரசுக் குடியிருப்புகளை இடித்துக் கட்டும் திட்டத்துக்கு 2016இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. சரோஜினி நகர் அவற்றில் ஒன்று. 2018இல் அந்தத் திட்டத்துக்காக வெட்டவிருந்த மரங்களைக் காக்க மக்கள் திரண்டார்கள். தில்லி உயர் நீதிமன்றம் மரம் வெட்டத் தடை விதித்தது. இடிப்புக்கு முன்பு அந்தத் தெருக்களில் யாரேனும் ஒரு பாடலைப் படம்பிடித்திருந்தால், எடிட்டிங்கில் கழித்துப் போட்ட டேக்குகளில் அந்தத் தாழ்ந்த குவார்ட்டர்ஸ் வரிசையும், வாசல் மரமும், ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தவர்களும் இருப்பார்கள்.